திரும்பி வந்த கும்பத் தேங்காய்

எங்கள் வீட்டு விரதத் தேங்காயை ஒருமுறை முழுச் சந்தையும் நின்று வேடிக்கை பார்த்தது. அப்போது எனக்கு எட்டு வயது.

எங்கள் நகரத்துச் சந்தைப் பகுதியில் ஒரு கால்வாய் உண்டு. ஒருகாலத்தில் நூல் ஆலைகளின் சக்கரங்களைச் சுற்றிய தண்ணீர். ஆலைகள் மூடிய பிறகு அவற்றுக்குள் மரக்கறிக் கடைகள் வந்தன. கால்வாயின் மேல் தெரு வந்தது. உருளைக்கிழங்குக் கடைக்குப் பின்னால் மட்டும் இருபதடிக்கு அது வெளியே தலைகாட்டும். அந்த இருபதடி முடிகிற இடத்தில், குப்பையை மறிக்க இரும்புக் கம்பிகள்.

அப்பாவுக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதிக் கடிதம் வரவேண்டுமென்று அம்மா இருபத்தொரு நாள் கேதார கௌரி விரதம் பிடித்திருந்தார். கும்பத்துத் தேங்காயையும் பூவையும் ஓடுகிற தண்ணீரில் விட்டால்தான் விரதம் நிறைவாகும். ஆறு தூரம், அம்மாவுக்கோ மத்தியானம் வேலை. "இதுவும் ஓடுற தண்ணிதானே" என்று சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு சந்தைக்கு வந்தார்.

தேங்காய் மிதந்துபோய்க் கம்பியில் முட்டி நின்றது. கால்வாய் துப்புரவாக்கும் ஆள் ஒருவர் அதைக் குப்பைவாரியால் இழுத்தெடுத்து, துடைத்து, அம்மாவிடம் நீட்டினார். தவறி விழுந்ததென்று நினைத்துவிட்டார், பாவம். அம்மா தலையாட்டி வாங்கி, அவர் திரும்பியதும் மறுபடி விட்டார். அவர் மறுபடி கொண்டுவந்தார். கிழங்குக்காரி வியாபாரத்தையே விட்டுவிட்டாள். நான் வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. "சாமி வேண்டாமெண்டு திருப்பி அனுப்புதோ தெரியேல்லை. என்ன விசயமெண்டு அவருக்குச் சொல்லு பிள்ளை."

சொன்னேன். அவர் இந்த நாட்டு மொழியான டொச்சை என்னைவிடப் பிழையாகக் கதைத்தார். எனக்கு அதில் பெரிய புளுகம், பெருமை. தேங்காய்க் கதைக்குச் சிரித்தவர், கடிதம் என்றதும் சிரிப்பை நிறுத்தினார். என் வயதைக் கேட்டார். தன் மகளுக்கும் எட்டுத்தான், தன் நாட்டில் தாயோடு இருக்கிறாள் என்றார். பிறகு தேங்காயை வாங்கி, கம்பிக்கு அந்தப் பக்கம் குனிந்து, பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் மெல்ல விட்டார். அது தெருவுக்கடியில் போய் மறைந்தது. அம்மா கைகூப்பினார், சாமியையோ அவரையோ தெரியாது.

அப்போது அவர் என் கையிலிருந்த செவ்வந்திப் பூ ஒன்றைக் கேட்டு வாங்கினார். தொப்பியைக் கழற்றிவிட்டு அதையும் தண்ணீரில் விட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டில் அப்பாவுக்கு அப்படியே நடித்துக் காட்டினேன். "விரதமும் பிடிக்காமல் பூவை மட்டும் விட்டவர் அப்பா." அப்பா சிரிக்கவில்லை.

மாரி முடியமுதல் கடிதம் வந்தது. அம்மா அன்றைக்கே வடை சுட்டு, பொட்டலம் கட்டி அவரைத் தேடிப் போனார். சில மாதங்களுக்கு மட்டும் கொடுக்கிற பருவ வேலை அனுமதி முடிந்து அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாள் கிழங்குக்காரி. மகளிடம் போய்விட்டார் என்று நான் துள்ளினேன். பருவ வேலைக்கு வருகிறவர் பெண்சாதி பிள்ளைகளைக் கூட்டிவர அந்நாளில் சட்டம் விடாது. அவர் எதைக் கேட்டுப் பூ விட்டார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கியிருக்கிறது.