ரெண்டு காதும் தெரியணும்

மலையை அடையாள அட்டைக்குப் படம் எடுத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருப்பார். அவர் என் தாய்மாமா. நம்பாதவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம். அந்தப் படங்கள் இன்னும் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.

அப்போது எனக்குப் பதினொரு வயது. மாமா மாத்தளை டவுனில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். அங்கே ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். டவுனில் பாதிப் பேர் அந்த ஒரே கோட்டுக்குள் புகுந்து வெளியே வந்தவர்கள்தான். நூலில் கட்டிய சீப்பு ஒன்று, கண்ணாடி ஒன்று, சுவரில் நீலத் துணி. "நேரா பாருங்க. நாடிய கொஞ்சம் எறக்குங்க. ரெண்டு காதும் தெரியணும்." நாள் முழுக்க இதையே சொல்லிச் சொல்லி, வீட்டில் சோறு தின்னும்போதுகூட எதிரே இருப்பவரின் காதைத்தான் பார்ப்பார்.

டவுனுக்கு வெளியே, பலாபத்வலயில் எங்கள் வீட்டில்தான் மாமா இருந்தார். அப்பா லொறியில் யாழ்ப்பாணப் பக்கம் போனால் வாரத்துக்கு ஒருமுறை வருவார். ஆகவே வீட்டில் என் சண்டைக்கும் சிரிப்புக்கும் கிடைத்த ஒரே ஆள் மாமாதான். அவரைக் கத்தாருக்கு அனுப்புவது என்று அம்மா முடிவு செய்தாள். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, யாரையோ பிடித்து விசாவுக்கு ஏற்பாடு செய்திருந்தார். "இந்த ஸ்டூடியோவ நம்பி எவன்டா ஒனக்கு பொண்ணு குடுப்பான்?" என்று அம்மா கேட்டாள். அம்மா எது சொன்னாலும் மாமா தலையாட்டிவிடுவார். தாய் தகப்பன் போன பிறகு அவரை வளர்த்தவள் அவள்.

புதன்கிழமை வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போவதாகப் பெரியப்பா சொல்லியிருந்தார். பாஸ்போர்ட் அம்மாவின் அலுமாரியில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் அம்மா குழாயடிக்குப் போன நேரம் பார்த்து, நான் அதை எடுத்து மாமாவின் கேமரா பையில், அடியில் கிடந்த ஸ்பஞ்சைத் தூக்கி அதற்குக் கீழே வைத்தேன். அலுமாரியைத் தேடுவார்கள், அரிசி டின்னைத் தேடுவார்கள், ஸ்பஞ்சுக்கு அடியில் எவரும் தேடமாட்டார்கள். என்ன புத்தி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

விடிந்ததும் மெச்சல் போய்விட்டது. மாமா குளித்து, யாரிடமோ இரவல் வாங்கிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கேமரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். ரிவர்ஸ்டன் மலைப் பாதையில் புதிதாகக் கட்டிய ஒரு விடுதிக்குச் சுவரில் மாட்ட மலைப் படங்கள் வேண்டுமாம். படம் பிடித்துப்போனால் இனி மாமாவுக்கு வெளி வேலைதான் என்று ஸ்டூடியோ முதலாளி சொன்னாராம். "போறதுக்கு முன்ன ஒரு தடவையாவது எடுத்துப் பாக்குறேனே அக்கா" என்றார். அவர் அம்மாவிடம் கேட்டு நான் பார்த்த முதல் விஷயம் அது.

நானும் வருவேன் என்று வாசலில் உருண்டு அழுதேன். ஏதோ மாமா மேல் பாசம் என்று அம்மா நினைத்தாள். பாசம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்று என் கண் பையின் மேல்தான் இருந்தது. "வழி தெரியாத இவன்கூட ஒன்ன எப்பிடி அனுப்புறது?" என்று திட்டிக்கொண்டே அம்மாவும் சேலையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். கல்யாணத்துக்கு முன் அந்த மலைக் காட்டுக்குள் ஏலக்காய் பறித்தவள் அவள். வாரக் கணக்கில் அங்கேயே கொட்டகையில் தங்கியிருக்கிறாள். அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை.

ரத்தோட்டை தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறியது. இறங்கியதும் காற்று ஆளையே தள்ளியது. மாமா கேமராவை நிறுத்தும் முக்காலியை உடுப்புக் காயப்போடும் கயிற்றால் முதுகில் கட்டிக்கொண்டு, பத்து அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். அம்மாவோ செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, சேலையைத் தூக்கிச் செருகி, எங்கள் காலில் ரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாமல் இருக்கச் சவுக்காரக் கட்டியைத் தேய்த்துவிட்டு, கடைக்குப் போகிறவள் மாதிரி முன்னால் போனாள். எங்கள் வீட்டு அடுப்படிக்குள் நான் பார்த்த அம்மா இவளா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒவ்வொரு திருப்பத்திலும் மாமா முக்காலியை நட்டார். ஒரு சிகரம் நடுவில் வரவேண்டும். இடது பக்கம் மேகம் மறைத்தால் அது விலகும்வரை நிற்பார். அது விலகுவதற்குள் வலது பக்கம் மூடிக்கொள்ளும். "ரெண்டு பக்கமும் தெரியட்டும்க்கா, கொஞ்சம் பொறுங்க" என்பார். ஒரு மணி நேரம் பொறுத்த அம்மா, கேமராவின் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தாள். பார்த்ததும் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! பாறையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னடா இது? மலைய ஐடென்டிட்டி கார்டுக்கு எடுத்து வச்சிருக்க?"

உண்மைதான். எல்லா மலையும் நடுவில், நேராக, இரண்டு தோளும் சமமாக, பின்னால் வெள்ளை வானம். கோட்டு மட்டும்தான் இல்லை. மாமாவின் முகம் சுருங்கிப்போனது. கேமராவை மூடினார். "எனக்கு இதான்க்கா வரும்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மாவின் சிரிப்பு நின்றது. பிறகு, "வா, நாங்க பகல்ல சோறு தின்ன எடத்தக் காட்டுறேன்" என்று பாதையை விட்டு விலகிப் புல்லுக்குள் நடந்தாள். அது ஒரு தட்டையான பாறை. கீழே புல்வெளி இறங்கி இறங்கிப் போய், திடீரென்று வெட்டிவிட்ட மாதிரி முடிந்தது. அதற்கு அப்பால் வெறும் மேகம். "இப்ப ஒரு மழை வரும். வந்துட்டுப் போனதும் அந்தப் பக்கமிருந்து வெளிச்சம் விழும். அப்ப எடு. நடுவுல எதையும் நிக்க வைக்காத."

சொன்னபடி மழை வந்தது. மூன்று பேரும் ஒரு பிளாஸ்டிக் விரிப்புக்குள் ஒடுங்கினோம். லென்ஸில் ஈரம் பட்டுவிட்டது. "பைக்குள்ள அடியில மஞ்சத் துணி ஒண்ணு கெடக்கும், எடுங்கக்கா" என்றார் மாமா.

நான் பாய்ந்து பையைப் பிடிப்பதற்குள் அம்மாவின் கை உள்ளே போய்விட்டது. அந்தக் கை உள்ளே துழாவியது, ஒரு கணம் நின்றது. பிறகு மஞ்சள் துணியோடு வெளியே வந்தது. அம்மா அதை மாமாவிடம் நீட்டினாள். அப்பாடா, கண்டுபிடிக்கவில்லை என்று நான் மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன்.

மழை விட்டது. அம்மா சொன்ன பக்கத்திலிருந்தே வெளிச்சம் வந்தது. மேகம் கிழிந்து, புல்வெளியின் ஒரு பாதி மட்டும் பச்சையாக எரிந்தது. மறுபாதி இருட்டு. மலை எங்கோ ஓரத்தில், பாதி முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. மாமா முக்காலியை மறந்துபோனார். ஈரப் புல்லில் குப்புற விழுந்து எடுக்க ஆரம்பித்தார். கழுத்தில் ஒரு அட்டை ஏறி, ரத்தம் சட்டைக் கொலருக்குள் இறங்கியது. அவருக்குத் தெரியவில்லை. பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே, "அம்மாடி, அம்மாடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எடுத்தார்.

அம்மா பையைத் தோளில் மாட்டியபடி நின்று தம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அங்க இவனுக்கு என்ன வேலன்னு பெரியப்பா சொன்னாரு?"

"கோடவுன்ல பெட்டி தூக்குற வேல."

"ம். பெட்டி தூக்குற வேல" என்றாள். போய், மாமாவின் கழுத்திலிருந்து அட்டையைப் பிடுங்கி எறிந்தாள்.

திரும்பும்போது பையை அம்மாவே சுமந்தாள், கேட்டும் தரவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்பஞ்சைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒன்றும் இல்லை. எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. மலையில் பையைச் சரித்தபோது விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் எந்த மரத்திலோ மாமாவின் பாஸ்போர்ட் தொங்குகிறது என்று நினைத்து நினைத்துப் போர்வைக்குள் அழுதேன். அவர் போகக்கூடாது என்றுதான் நினைத்தேன், அவருடைய பொருளைத் தொலைக்க நினைக்கவில்லையே.

புதன்கிழமை பெரியப்பா வந்தார். அலுமாரியில் பாஸ்போர்ட் இல்லை. அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களே வந்துவிட்டார்கள். அரிசி டின்னைக் கவிழ்த்தாள், மெத்தையைப் புரட்டினாள், சாமிப் படத்துக்குப் பின்னாலும் பார்த்தாள். "சனியன் புடிச்ச எலிதான் இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்" என்று எலியைத் திட்டினாள். மாமாவும் தேடினார், கட்டிலுக்கு அடியில் படுத்தே தேடினார். நானும் குற்றவாளி மாதிரி மூலை மூலையாகத் தேடினேன். பெரியப்பாவுக்குக் கோபம்தான், ஆனால் தொலைந்த பொருளுக்கு யாரைக் குறை சொல்வது? அந்த விசாவில் வேறு ஒரு பையன் போனான்.

விடுதிக்காரர்கள் மூன்று படங்களை எடுத்துக்கொண்டார்கள், மூன்றும் அந்தப் பாறையில் எடுத்தவை. முதலாளியும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இன்று மாமா ஹோர்ட்டன் சமவெளி, மன்னார், யால என்று சுற்றாத இடமில்லை. லீவு கிடைத்தால் நானும் கூடப் போகிறேன். முக்காலி என் முதுகில்.

போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்க அலுமாரியை நகர்த்தினோம். அம்மாவின் கூறைச் சேலையை எடுத்து வைக்கும்போது, மடிப்புக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்று என் காலில் விழுந்தது. உள்ளே பாஸ்போர்ட். அதில் மாமா நேராகப் பார்த்துக்கொண்டு, இரண்டு காதும் தெரிய.

அதைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அம்மாவின் முன்னால் நீட்டினேன். அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"நீ ஒளிச்ச எடம் சரியில்ல புள்ள. மழையில நனஞ்சிருக்கும். அதான் எடுத்து வேற எடத்துல வச்சேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்தச் செவ்வாக்கெழம சேலைய ஒங்க மாமன்தான் வெயில்ல போட்டு எடுத்தான். உள்ள இருந்தத பாத்துட்டான், நான் கதவு மறைவுல நின்னேன். பாத்துட்டு, இருந்த மாதிரியே மடிச்சு வச்சிட்டான்" என்றாள்.

அந்தப் புதன்கிழமை நாங்கள் மூன்று பேரும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடியிருக்கிறோம். தேடிய மூவரில் ஒருவருக்கும் அது கிடைக்க வேண்டும் என்று இருக்கவில்லை. மற்ற இருவரும் என்னைப் போலத்தான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.