மாப்பிள்ளையின் டிக்கெட்

எங்கள் காலத்தில் எஞ்சினியரிங் முடித்துவிட்டு மேல்படிப்புக்கு வெளிநாடு போக வேண்டுமானால் மூன்று பேர் மனம் வைக்க வேண்டும். அங்கே ஒரு பேராசிரியர், இங்கே அந்நியச் செலாவணி கொடுக்கும் அரசாங்கம், அப்புறம் ஒரு மாமனார். முதல் இரண்டு பேரையும் நானே சரிக்கட்டிவிட்டேன். மூன்றாவது ஆள் பெண்களுக்குக் கிடையாது என்பதுதான் சிக்கல்.

மாமனார் விஷயத்தை இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நான் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். இன்றைக்கும் யாராவது வீட்டுக்கு வந்து, மேடம், கனடாவா ஜெர்மனியா, லோன் போடலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். லோனாவது நீயே அடைக்கிற கடன், தைரியமாகப் போடு என்று சொல்வேன். எழுபதுகளின் தொடக்கத்தில் லோன் என்று எங்களுக்கு யார் கொடுத்தார்கள்? பையனுக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்தது என்று தெரிந்தால் போதும், தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை பெண்ணைப் பெற்றவர்களுக்கெல்லாம் மூக்கில் வியர்த்துவிடும். விமானக் கட்டணத்தை மாமனார் கட்டுவார், பையன் பறப்பான், பெண் இரண்டு வருஷம் கழித்துப் போய்ச் சேருவாள். இதற்கு 'பாசேஜ்' என்று ஒரு நாகரிகமான பெயர் வேறு.

எங்கள் வீடு சேலையூரில். அப்பா குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் ஒரே பெண். அம்மாவின் சம்பளத்தில் பாதி என் கல்யாணத்துக்கென்று வருஷக்கணக்காக வங்கிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பணத்தின் மேல் அப்பாவுக்கே அதிகாரம் கிடையாது. அம்மாவிடம் அதைப் பற்றிப் பேசுவதும் தலைமையாசிரியரிடம் லீவு கேட்பதும் ஒன்றுதான்.

நான் மின்துறை படித்தேன். வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள். காலை மின்சார ரயிலில் பையன்கள் வாசலில் தொங்கிக்கொண்டு, "மச்சான், உனக்கு எய்டு வந்துச்சா?" என்று கத்திக்கொள்வார்கள். எய்டு என்றால் உதவித்தொகை. என்னை யாரும் கேட்க மாட்டார்கள். பெண்பிள்ளை எங்கே போகப்போகிறாள் என்ற எண்ணம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வழிகளையெல்லாம் நானும் அலசித்தான் பார்த்தேன். ஜெர்மனிக்குப் போகலாம், ஆனால் முதலில் அந்த மொழியைப் படிக்க வேண்டும், அதற்கு ஒரு வருஷம் போய்விடும். இங்கேயே எம்.டெக். சேரலாம், ஸ்டைபண்டும் உண்டு, ஆனால் நான் படிக்க நினைத்த உயர் மின்னழுத்தத்துக்கு வேண்டிய ஆய்வுக்கூடம் அப்போது எனக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை. வேலைக்குப் போகலாமென்றால் நேர்முகத்தில், "சைட்டுக்கு லேடீஸை அனுப்ப மாட்டோமே" என்று சிரித்துக்கொண்டே கைவிரித்தார்கள். சரிதான் போங்கள் என்று அமெரிக்காவுக்கு எழுதத் தொடங்கினேன்.

அங்கே விண்ணப்பக் கட்டணத்தை டாலரில் கட்டச் சொல்வார்கள். டாலருக்கு எங்கே போவது? அதனால் ஊரில் எல்லாப் பையன்களும், எங்கள் நாட்டுச் சட்டப்படி டாலர் அனுப்ப முடியாது, தயவுசெய்து கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவும் என்று ஒரே மாதிரி எழுதிப் போட்டார்கள். நானும் எழுதினேன். ஆனால் அதோடு நிற்கவில்லை. கல்லூரி நூலகத்தில் ஒரு பேராசிரியரின் ஆய்வுக் கட்டுரை கிடைத்தது. அதில் எனக்கு ஒரு சந்தேகம். கட்டணத்தைப் பற்றியோ என் குடும்பத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லாமல், சந்தேகத்தை மட்டும் ஏர்மெயிலில் அவருக்கே எழுதினேன். பதில் வந்தது. பதிலுக்கு இன்னொரு சந்தேகம். மூன்றாவது கடிதத்தில் அவரே, என் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வருகிறாயா, படிப்புக்குக் கட்டணம் இல்லை, மாதச் சம்பளம் உண்டு என்று கேட்டிருந்தார். விமானக் கட்டணம் மட்டும் என் பொறுப்பு. வருகிறேனா இல்லையா என்று மே மாதத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.

அன்றைக்கு வீட்டுக்குள் நான் நடந்தா வந்தேன்? பறந்துதான் வந்தேன். அப்பா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"கல்யாணம் பண்ணிக்கிட்டு எங்க வேணா போ" என்றாள்.

"கல்யாணத்துக்கு என்னம்மா அவசரம்? படிச்சிட்டு வந்து பண்ணிக்கறேன்."

"வந்து பண்ணிக்கறியா? போனவங்க யாருடி வந்திருக்காங்க? நம்ம தெருவுலயே பாக்கலையா?"

எங்கள் தெருக் கோடியில் ஒரு வீடு. அந்த வீட்டு மூத்த பையன் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. அவனுடைய அம்மா ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "அடுத்த கிறிஸ்துமஸுக்கு வர்றேன்னு எழுதியிருக்கான்" என்று சொல்லுவார். எந்தக் கிறிஸ்துமஸ் என்று யாரும் கேட்பதில்லை. என் அம்மா அந்த அம்மாளைப் பார்த்தால் ஏதாவது சாக்கு சொல்லிச் சீக்கிரம் நகர்ந்துவிடுவாள்.

ஏப்ரலில் எங்கள் கோயில் பாஸ்டரின் மனைவி, பாஸ்டர் அம்மா, ஒரு வரன் கொண்டுவந்தார். குரோம்பேட்டைப் பையன், மெக்கானிக்கல் படித்தவன், அவனுக்கும் அமெரிக்காவில் இடம் கிடைத்திருக்கிறதாம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, நீயும் அங்க போயிடலாம், கல்யாணமும் ஆச்சு" என்றார். பையன் சேரப்போகிற ஊருக்கும் என் பேராசிரியர் இருக்கிற ஊருக்கும் நடுவில் எத்தனை மாநிலம் என்று அட்லஸை விரித்துக் காட்டினேன். "கல்யாணமானா ஒரே ஊர்லதானே இருக்கணும்" என்றார் அப்பா, ஏதோ நானும் அவரும் ஒன்றைத்தான் சொல்கிறோம் என்பது போல.

ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தார்கள். பையன், அவனுடைய அம்மா, அப்பா, கூடவே பாஸ்டர் அம்மா. முதலில் ஜெபம். "வெளிநாடு போகப்போகிற பிள்ளையின் வழிகளைச் செவ்வைப்படுத்தும்" என்று பாஸ்டர் அம்மா உருக்கமாக வேண்டினார். நான் மற்றவர்களைவிடச் சத்தமாக ஆமென் சொன்னேன். அப்பா ஒரு கண்ணைத் திறந்து என்னை முறைத்தார்.

காபி குடித்ததும் பையனுடைய அம்மா பேச்சை ஆரம்பித்தார். "நாங்க வரதட்சணை அது இதுன்னு கேக்கற குடும்பம் இல்லீங்க. நகை நீங்க இஷ்டப்பட்டதைப் போடுங்க. பையனோட பாசேஜ் மட்டும் நீங்க பாத்துக்கிட்டாப் போதும்."

"தாராளமா" என்றார் அப்பா. யாருடைய பணத்தைத் தாராளமாகக் கொடுக்கிறார் என்று பார்த்தேன். அம்மா சமையலறை வாசலில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"பொண்ணும் ஏதோ மேல படிக்கணும்னு சொல்றதா சொன்னாங்க" என்றார் பையனுடைய அப்பா.

"அதெல்லாம் எதுக்குங்க இப்ப? இவன் போய் செட்டில் ஆகட்டும். அப்புறம் கூட்டிக்குவான்" என்றார் அந்த அம்மாள்.

எனக்கு அதுவரைக்கும் இருந்த பொறுமை அங்கே தீர்ந்தது. பையனைப் பார்த்து நேராகக் கேட்டேன்.

"உங்களுக்கு எய்டு வந்திருக்கா?"

பையன் திடுக்கிட்டான். நல்ல பையன்தான், பொய் சொல்லத் தெரியவில்லை. "இல்லைங்க. அட்மிஷன் மட்டும்தான். போய்ப் பாத்துக்கலாம்னு..."

"முதல் செமஸ்டர் ஃபீஸ்?"

"அப்பா கொஞ்சம் புரட்டித் தர்றேன்னு சொல்லியிருக்கார். அப்புறம் அங்க கேன்டீன்ல ஏதாவது வேலை..."

"எனக்கு ஃபீஸ் கிடையாது. மாசம் சம்பளம் தர்றாங்க" என்றேன்.

பையன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். "ரிசர்ச் அசிஸ்டென்டா? எப்படிங்க வாங்கினீங்க? நான் பதினஞ்சு யூனிவர்சிட்டிக்கு எழுதினேன்!"

"யூனிவர்சிட்டிக்கு எழுதாதீங்க. ஆளுக்கு எழுதுங்க. அவர் என்ன செய்யறாருன்னு படிச்சிட்டு அதைப் பத்தி எழுதுங்க" என்று நான் சொல்லத் தொடங்க, அவன் சட்டைப்பையில் பேனாவைத் தேடினான். அவனுடைய அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏம்மா, நாங்க பொண்ணு பாக்க வந்தோமா, இல்ல இன்டர்வியூவுக்கு வந்தோமா?"

பாஸ்டர் அம்மா அவசரமாக இன்னொரு ஜெபம் செய்து எல்லோரையும் கிளப்பினார். போகும்போது பையன் மட்டும் என்னைப் பார்த்து, "தேங்ஸ்ங்க" என்றான். அடுத்த வருஷம் அவனுக்கும் எய்டு கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவர்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? இனிமே கோயில்ல நான் தலைகாட்ட முடியுமா?" நான் அழவில்லை. தப்பாக எதுவும் சொல்லிவிட்டதாகவும் தோன்றவில்லை. ஆனால் பயம் இருந்தது. மே மாதத்துக்கு இன்னும் சில நாட்கள்தான். அம்மா இல்லை என்றால் இல்லைதான்.

அம்மா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். கழுவிக் கவிழ்த்தாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பையனுக்கு உதவித்தொகை இல்லையா?"

"இல்லை."

"உனக்கு இருக்கு."

"இருக்கு."

"கேன்டீன்ல தட்டு கழுவப் போறவனுக்கு நான் எதுக்கு டிக்கெட் வாங்கணும்?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க கொஞ்சம் இருங்க, இது என் பணம்" என்றாள் அம்மா. அவ்வளவுதான். அன்றிலிருந்து அப்பாவும் கட்சி மாறிவிட்டார். மறுவாரம் தொழிற்சாலையில் என்னைப் பற்றி அவரே பெருமையடித்துக்கொண்டு திரிந்ததாகத் தகவல் வந்தது.

டிக்கெட் வாங்க நானும் அம்மாவும் மவுண்ட் ரோட்டுக்குப் போனோம். டிராவல் ஏஜென்சியில் டை கட்டிய ஒருவர் தாளும் பென்சிலுமாக, "ஒன் வேயா மேடம், ரிட்டர்னா?" என்று கேட்டார். அம்மா, "ரிட்டர்ன் எவ்வளவு?" என்றாள். அவர் சொன்னார். வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை ஓர் அதட்டலில் அடக்குகிற என் அம்மாவின் குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "ஒன் வே" என்று முணுமுணுத்தாள். அவருக்குக் கேட்கவில்லை. நான்தான் திருப்பிச் சொன்னேன். வரும் வழியெல்லாம் அம்மா என்னோடு பேசவில்லை. பணம் போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படுகிற நாளும் வந்தது. அந்தக் காலத்தில் ஒருவர் வெளிநாடு போனால் வேன் பிடித்து, மாலை வாங்கி, தெருவே விமான நிலையத்துக்குப் போகும். அம்மா அதெல்லாம் கூடாது என்றுவிட்டாள். "மீனம்பாக்கம் நாலு ஸ்டேஷன். இதுக்கு வேனா?" மூன்று பேரும் ஒரு பெட்டியும் ஒரு பையும் இரண்டு சைக்கிள் ரிக்‌ஷாவில் தாம்பரம் ஸ்டேஷனுக்கு வந்தோம். பெட்டியை இறக்கிய ரிக்‌ஷாக்காரர், "இன்னாம்மா, இம்மாம் பெரிய பொட்டி, எந்த ஊருக்கு?" என்றார். அமெரிக்காவுக்கு என்றேன். "அமெரிக்காவுக்கு எலெக்ட்ரிக் வண்டிலயா போறே? ஷோக்கா கீது போ!" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் கைப்பையில், வெளிநாடு போகிற ஆளுக்கு அரசாங்கம் அனுமதித்த எட்டே எட்டு டாலர் இருந்தது. உலகத்தையே விலைக்கு வாங்கிவிடலாம் போல இருந்தது.

அப்பா டிக்கெட் கவுண்டர் பக்கம் நகர்ந்தார். அம்மா அவரைத் தடுத்துவிட்டு, பர்ஸை எடுத்துக்கொண்டு தானே வரிசையில் போய் நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"மீனம்பாக்கம், மூணு ரிட்டர்ன்" என்றாள்.

"அம்மா, எனக்கு எதுக்கு ரிட்டர்ன்? உங்க ரெண்டு பேருக்கும் வாங்கினாப் போதும்."

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. கவுண்டருக்குள் சில்லறையைத் தள்ளினாள்.

"ஏரோப்ளேனுக்குத்தான் என்னால முடியல" என்றாள். "இதுக்காவது வாங்கிக்கறேன், விடு."

மூன்று டிக்கெட்டுகளையும் எண்ணிப் பார்த்து என்னுடையதை என் கையில் கொடுத்தாள். நான் அதை எட்டு டாலரோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.