ஆறு மணிப் படலை

கொக்குவிலில் ஒரு மேல்மாடி வீட்டில் வாடகையில்லாமல் இருக்கிறேன். யாராவது கேட்டால் இவ்வளவோடு நிறுத்திக்கொள்வேன். வீட்டுக்காரர் கனடாவில் இருக்கிறார், நான் வெறும் காவலுக்கு என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். எட்டாம் வகுப்போடு நின்று, சண்டிலிப்பாயில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்து, லொறிகளில் படுத்துத் திரிந்தவனுக்குப் பளிங்குத் தரை கிடைத்தால் மண்டை கொஞ்சம் வீங்கத்தான் செய்யும்.

பின்மதிலுக்கு அப்பால் தகரம் போட்ட ஒரு வாடகை வீடு. குருநகரில் இருந்து வந்த குடும்பம். கணவன் கடலுக்குப் போகிறவன். அங்கே கிணறு இல்லை. மதிலில் உள்ள படலைக் கதவால் வந்து எங்கள் கிணற்றில்தான் அள்ளுவார்கள். வீட்டுக்காரர் ஒருநாளும் மறுத்ததில்லை. நான்தான் படலைக்குப் பூட்டு வாங்கிப் போட்டு, காலை ஆறு மணி வரைதான் தண்ணீர் என்று சட்டம் வைத்தேன். மாடியில் நின்று நான் பல் தீட்டும்போது கீழே ஆட்கள் வாளியோடு நடமாடுவது என் மதிப்புக்குக் குறைவாகப் பட்டது. வீட்டுக்காரரிடமும் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னேன். "நல்ல ஒழுங்கு" என்றார்.

நல்லூர்த் திருவிழாவுக்கு அவர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். அறைகள் நிரம்பிவிட்டன.

"தம்பி, ஒரு மாதம் நீர் எங்கையாவது இருப்பீர்தானே?"

எனக்கு எங்கேயும் இடமில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு, தெருச் சனமே பார்க்க, தகர வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அந்த வீட்டுப் பெண் சிரிப்பை அடக்கவேயில்லை. "வாங்கோ அண்ணை, விறாந்தை சும்மாதான் கிடக்கு. ஆனா தண்ணி வேணுமெண்டா வெள்ளன எழும்போணும். எங்கடை முதலாளி சரியான கண்டிப்பு."

மறுநாளே தூங்கிவிட்டேன். வாளியோடு ஓடிப்போனால் வீட்டுக்காரரே படலையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு வாளி மட்டும்..."

"ஆறு தாண்டீட்டுது தம்பி. நீர் போட்ட ஒழுங்கை நானே குழப்பக்கூடாது."

அவர் பகடி விடவில்லை. பகடியென்றால் சிரித்துச் சமாளித்திருப்பேன். அந்தப் பெண்தான் தன் குடத்திலிருந்து அரை வாளி ஊற்றினாள். "முகத்தைக் கழுவுங்கோ, முதலாளி."

அவர் விமானம் ஏறிய அன்றே பூட்டைக் கழற்றினேன். அவரிடம் அதைச் சொல்ல மட்டும் துணிவு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது பூட்டைத் திரும்ப மாட்டி, திறப்பால் பூட்டிக் காட்டுவேன். அந்தப் பத்து நிமிடமும் மதிலுக்கு அப்பால் வெறும் வாளியைத் தட்டும் சத்தம் கேட்கும்.

"படம் காட்டி முடிஞ்சுதோ அண்ணை? உடுப்பு ஊறிக் கிடக்கு!"

"ஓம், ஓம், திறப்போட வாறன்."