பழம்பொருள் கடையில் எங்கள் கோயில் மணி

இன்று மட்டாஞ்சேரி ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் வெண்கல மணி ஒன்றைப் பார்த்தேன். விளிம்பில் என் கொள்ளுத்தாத்தாவின் பெயரும் எங்கள் மலையூரின் பெயரும் இருந்தன. அங்குள்ள பழைய சிவன் கோயிலுக்கு அவர் கொடுத்த மணி.

"எங்கேருந்து வந்துச்சு சேட்டா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"பழைய வீடு இடிச்சப்போ கிட்டினதாக்கும். வேணுமோ?"

படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஊர்க் குருக்களை அழைத்தேன்.

"மணி இங்கதானேம்மா தொங்குது" என்றார்.

படத்தை அனுப்பினேன். அவரே திரும்ப அழைத்தார்.

"இதை அழிச்சிடும்மா. யார்கிட்டயும் சொல்லாதே."

சற்று நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து ஓர் ஆண் குரல்: "மட்டாஞ்சேரில எந்தத் தெருவுல இருக்கீங்க?"

நான் மட்டாஞ்சேரியில் இருப்பதைக் குருக்களிடம் மட்டுமே சொல்லியிருந்தேன்.

படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். ஊர்க்காரர்களே, எல்லோரும் பகிருங்கள். இப்போதைக்கு எனக்குக் காவல் நீங்கள்தான்.