லைசனுக்குச் சொன்ன சாட்டுகள்

போன கிழமை கேபிள் காசு கேட்டு ஒரு பொடியன் எங்கள் கேற்றடியில் வந்து நின்றான். நான் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடியே, "வீட்டுக்காரி உம்மா வீட்ட போயிட்டா தம்பி, மறுகா வாங்க" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரி அந்த நேரம் குசினிக்குள் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உம்மா மௌத்தாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பொடியன் பொரியல் மணத்தை முகர்ந்தான், சிரிக்கவில்லை, கையிலிருந்த புத்தகத்தில் எதையோ குறித்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பினான். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். இருபத்துமூன்று வயதில் அதே முகத்தோடுதான் நானும் வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். வீட்டில் டீவி வைத்திருப்பதற்கு வருஷா வருஷம் அரசாங்கத்துக்குக் காசு கட்டி லைசன் எடுக்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. சைக்கிளுக்கும் நாய்க்கும் லைசன் கேட்ட நாட்டில் டீவியை மட்டும் சும்மா விடுவார்களா? எண்பதுகளின் தொடக்கம் அது. கிழக்குக் கரையில் எங்கள் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் வெளிநாட்டுக்குப் போனவர்களின் வீடுகளில் ஒவ்வொன்றாக டீவி வந்து இறங்கியது. புதுப் பெட்டியைத் திறக்கும்போது சாமான் அடிபடாமல் சுற்றி வைத்த வெள்ளை ரெஜிபோமிலிருந்து ஒரு மணம் எழும்பும். குவைத் எப்படி மணக்கும் என்று கேட்டால் அந்த மணத்தைத்தான் நாங்கள் சொல்லியிருப்போம்.

லைசன் தபால் கந்தோரில் விற்கப்பட்டது. வாங்கத்தான் ஆள் வரவில்லை. அதனால் வீடு வீடாகப் போய், டீவியின் சொந்தக்காரர் யார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வருவதற்குத் தற்காலிகமாக ஒருவனைப் பிடித்துப் போட்டார்கள். பிடிபட்டவன் நான். எந்தக் கந்தோர் என்பது வேண்டாம். அந்தக் கட்டடமும் இப்போது அந்த இடத்தில் இல்லை.

டீவி உள்ள வீட்டைக் கண்டுபிடிப்பது லேசு. கமுக மரத்தையோ இரும்புக் குழாயையோ நட்டு உச்சியில் அன்டெனாவைக் கட்டியிருப்பார்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டு சைக்கிள் மிதித்ததில் நான் இரண்டு தடவை றோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து எழும்பியிருக்கிறேன். கஷ்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனம்; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வாசலில் நிற்கும் மாமனார், வீடு மகளுடையது, எனக்கென்ன தெரியும் என்பார். மகள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சாமான் மாப்பிள்ளையுடையது என்பாள். மாப்பிள்ளையோ தான் வந்து குடியிருக்கிறவன் மட்டும்தான், மாமியிடம் கேளுங்கள் என்பான். மாமி அடுப்படியிலிருந்து கையை நீட்டி மாமனாரைக் காட்டுவார். ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பேன்.

ஒரு வீட்டில், உள்ளே இத்தா இருக்கிறார்கள், அந்நிய ஆண் வரக்கூடாது என்று ஒரு பெண் வாசலிலேயே மறித்துவிட்டார். புருஷன் மௌத்தானால் ஒரு பெண் நாலு மாதமும் பத்து நாளும் மறைந்திருக்கும் கடமை அது. நானும் மரியாதையாகத் திரும்பிவிட்டேன். ஏழு மாதம் கழித்துப் போனபோதும் அதே இத்தா. மௌத்தானவரை அன்று காலைதான் சந்தையில் பாரை மீனுக்கு விலை பேசக் கண்டிருந்தேன். ஒரு ஹாஜியார், நோன்பு காலத்தில் பாங்கு கேட்பதற்கு மட்டுமே டீவி வைத்திருப்பதாகவும், அதற்கும் காசு கேட்டால் மறுமையில் நான்தான் பதில் சொல்ல வேண்டிவரும் என்றும் பயமுறுத்தினார். வேறொருவர், படம் முழுக்க மழை பெய்கிறது, மழை விட்ட பிறகு கட்டுகிறேன் என்றார். இதையெல்லாம் பின்னேரம் கந்தோரில் சொல்லிச் சிரிப்போம். சாட்டுச் சொல்லுகிற கூட்டத்தில் நான் இல்லை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு இருந்தது.

லத்தீப் காக்காவின் வீடு கடற்கரைப் பக்கம் ஒரு ஒழுங்கையில் இருந்தது. தேங்காய் வியாபாரி, கோமாரிப் பக்கம் போய்க் காய் ஏற்றி வருவார். அவருடைய மனைவி ஜெமீலா ராத்தா குவைத்தில் ஒரு அரபி வீட்டில் வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன், ராத்தா என்றால் அக்கா. ஊருக்கு வந்த ஒருவரிடம் ராத்தா கொடுத்தனுப்பிய டீவிதான் அந்த ஒழுங்கையின் முதல் டீவி. பின்னேரங்களில் அயலில் உள்ள அத்தனை பேரும் பாய் விரித்து அங்கே கூடுவார்கள். அப்படிக் கூடியிருந்த ஒரு நாளில்தான் நான் தாளும் பேனையுமாகப் போய் நின்றேன்.

லத்தீப் காக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இது என்ட இல்ல தம்பி. பொஞ்சாதி உழைச்சு அனுப்பின சாமான். அவள்ட பேர எழுதுங்க, வந்து கட்டுவாள்" என்றார்.

பாயில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. சரி என்று, சொந்தக்காரர் என்ற இடத்தில் ஜெமீலா ராத்தாவின் முழுப் பெயரையும் எழுதினேன். தொலைக்காட்சி தன்னுடையது அல்ல, மனைவியுடையது என்று ஒரு வரியும் எழுதி, கீழே கையெழுத்து வைக்கச் சொன்னேன். அவரும் எல்லோரும் பார்க்கப் பெரிய எழுத்தில் வைத்தார். அந்த வேலையில் நான் வாங்கிய கையெழுத்துகளில் உண்மைக்குக் கீழே வைத்த கையெழுத்து அது ஒன்றுதான் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை லத்தீப் காக்கா கந்தோருக்கு வந்தார். அந்தத் தாள் கொழும்புக்குப் போனால் மனைவியின் பெயரில் வழக்கு வரும், பாஸ்போர்ட்டில் பிரச்சினை வரும், அரபி அவளைத் திருப்பி அனுப்பிவிடுவான் என்று இழுத்து இழுத்துச் சொன்னார். அப்படி ஒன்றும் நடக்காது என்பது எனக்குப் பாதி தெரியும். மாத முடிவில் லைசன் எடுத்துவிடுவதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெள்ளிக்கிழம பின்னேரம் படம் போடுறாங்க, வாங்க தம்பி. நீங்க பாயில இரிக்கத் தேவல்ல, கதிர போட்டு வெக்கிறன்" என்றார்.

மேசை லாச்சியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். வெளிநாட்டில் கஷ்டப்படும் ஒரு பெண்ணுக்கு உதவி செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலாகக் கிழித்துக் கூடைக்குள் போட்டேன்.

அந்தக் கதிரையில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறேன். பிளாஸ்ரிக் நாரில் பின்னிய கதிரை. ஊரெல்லாம் தரையில் இருக்க, எனக்கு மட்டும் மேசை விசிறியின் காற்று நேரே முகத்தில் படும். தேத்தண்ணி வரும், சில நாள் வட்டிலப்பமும் வரும். அதை ராத்தாவின் மகள், ஏழு வயதுப் பிள்ளை, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து தரும். படம் நன்றாக இருந்ததா என்று கேட்டால் எனக்கு ஞாபகமில்லை. கதிரைதான் ஞாபகம் இருக்கிறது.

லத்தீப் காக்காவின் கோமாரிப் பயணங்கள் நாளாக நாளாக நீண்டன. அவர் கோமாரிக்கு அடுத்த பொத்துவிலில் இரண்டாவது நிக்காஹ் செய்துகொண்டார் என்ற கதை மெல்ல ஊருக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்சாதி பிரிந்தால் புருஷன்தான் வெளியேற வேண்டும், வீடு பெண்ணுடையது. வீட்டை அவரால் கொண்டுபோக முடியாது. கொண்டுபோகக் கூடியதைக் கொண்டுபோனார். ஒரு பகல் டீவி, அது வந்த பெட்டி, அன்டெனாக் குழாய் எல்லாம் தேங்காய் லொறியில் ஏறிப் போயின. நான் அந்த வெள்ளிக்கிழமை போய், வெறும் மேசையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஜெமீலா ராத்தா ஊருக்கு வந்தபோது நாட்டு நிலைமை மிகவும் கெட்டிருந்தது. றோட்டு ஒரு நாள் திறந்தால் இரண்டு நாள் மூடியிருக்கும். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து எங்கள் கந்தோருக்கு வரும் தபால்காரர் கிழமைக்கணக்காக வேலைக்கு வரவில்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கவும் பயந்த நாட்கள் அவை. அந்த நாட்களில்தான் ராத்தா காதியாரிடம், எங்கள் ஆட்களின் கலியாண வழக்குகளை விசாரிக்கிறவரிடம், முறைப்பாடு செய்தார். டீவியைத் தன் வியாபாரக் காசில் வாங்கியதாகவும், மனைவி அனுப்பிய சொற்பக் காசு பிள்ளையின் சாப்பாட்டுக்கே போதவில்லை என்றும் லத்தீப் காக்கா அங்கே சொன்னார். கடைக்காரன் கொடுத்த பில் அந்தப் பெட்டிக்குள்ளேயே போய்விட்டது. அயலார் சாட்சி சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பாயில் இருந்து படம் பார்த்த அத்தனை பேரும், புருஷன் பெண்சாதி விஷயம், நமக்கேன் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஆனால் தாளில் கையெழுத்து வைத்த கதையை மட்டும் யாரோ ராத்தாவின் காதில் போட்டிருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை ராத்தா கந்தோர் யன்னலுக்கு வந்தார். சேலை முந்தானையால் தலையை இறுக்க மூடியிருந்தார். யன்னல் பலகையில் வைத்த விரல்கள் சவர்க்காரத் தண்ணீரில் வெடித்துப் போயிருந்தன.

"தம்பி, அவர் ஒங்கட தாள்ல கையெழுத்து வெச்சிரிக்கிறாராம், டீவி என்ட எண்டு. அந்தத் தாளக் காட்டினாப் போதும் எண்டு காதியார் சொல்லுறார்."

என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் இன்றோ நாளையோ வரும் என்று காத்திருந்த நேரம் அது. கிழித்துவிட்டேன் என்று சொன்னால் வேலை போய்விடும். காதியாரிடம் போய் வாயால் சாட்சி சொன்னாலும், தாள் எங்கே என்றுதான் முதலில் கேட்பார். "அது கொழும்புக்குப் போயிட்டு ராத்தா" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

ராத்தா நம்பினார். காதியாரிடம் தவணை கேட்டு வாங்கினார். திங்கட்கிழமை தோறும் வந்தார். ஒரு கிழமை, கொழும்பில் தாளுக்குப் பொறுப்பான பெரியவர் லீவில் போய்விட்டார் என்றேன். அடுத்த கிழமை றோட்டு மூடியிருக்கிறது என்றேன். ஹாஜியாரும் இத்தாக்காரியும் எனக்கு நன்றாகத்தான் படிப்பித்து விட்டிருந்தார்கள். நாலாவது கிழமை, கலவரத்தில் தபால் பை எரிந்துவிட்டதாம் என்று சொன்னேன். அந்த றோட்டில் மனிதர்கள் எரிந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் போய் நான் ஒளிந்துகொண்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ராத்தா சத்தம் போடவில்லை, அழவுமில்லை. இவ்வளவுதான் சொன்னார்: "டீவி பெரிசில்ல தம்பி. அது அவர்ட எண்டு தீந்துட்டா, நான் அங்க என்ன செஞ்ச எண்டு என்ட புள்ள நாளைக்குக் கேக்கும்."

அப்படியே தீர்ந்தது. விவாகரத்துக் கிடைத்தது. காசு அனுப்பியதற்கும் டீவி வாங்கியதற்கும் ஆதாரமில்லை என்று மற்ற முறைப்பாடு தள்ளுபடியாகிவிட்டது. அடுத்த மாதம் என் கடிதம் வந்தது. உம்மா சந்தோஷத்தில் பால்சோறு ஆக்கி அயலுக்கெல்லாம் கொடுத்தனுப்பினார். ராத்தாவின் வீட்டுக்கும் ஒரு தட்டுப் போனது. தட்டு கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது.

ராத்தா பிள்ளையைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு மறுபடியும் போனார், இம்முறை றியாத்துக்கு. சில வருஷம் கழித்து ஒரு மத்தியானம் கந்தோருக்கு முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. விமான நிலையத்திலிருந்து நேரே வந்த வேன். கூரையில் டீவிப் பெட்டி கயிற்றால் கட்டியிருந்தது. வீட்டுக்குப் போகுமுன் ராத்தா யன்னலுக்கு வந்தார். "லைசன் ஒண்டு எழுதுங்க தம்பி. என்ட பேருக்கு. நிண்டு வாங்கிட்டுப் போறன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். தன் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்துவிட்டு, அதைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார். வேனுக்குள் மகள் இருந்தாள். வளர்ந்துவிட்டிருந்தாள். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஜனவரியிலும் முதல் கிழமை ராத்தா வருவார். ஊரடங்கு போட்டிருந்தால் எடுத்த மறுநாள் வருவார். எங்கள் ஊரில் யாரும் கேட்காமல் லைசன் எடுத்த ஆள் எனக்குத் தெரிய அவர் ஒருவர்தான். தாளை நான் கிழித்தது அவருக்குத் தெரியுமா? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு ஜனவரியிலும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். வரிசையில் பின்னால் ஆள் நிற்கும், அல்லது போஸ்ட் மாஸ்டர் பக்கத்தில் நிற்பார், அல்லது அடுத்த வருஷம் சொல்லலாம் என்று தோன்றும்.

பிறகு அரசாங்கம் டீவி லைசனையே இல்லாமலாக்கியது. ஊர் அதைக் கொண்டாடியது, ஒரு தடவையும் கட்டாதவர்கள்தான் கூடுதலாகக் கொண்டாடினார்கள். கந்தோரில் மிஞ்சியிருந்த லைசன் புத்தகங்களைக் கட்டித் திருப்பி அனுப்பினோம். கமுக மரங்களிலிருந்து அன்டெனாக்கள் இறங்கின. குழாய்களை வெட்டிப் புடவை காயப்போடக் கொடி கட்டினார்கள். ஒழுங்கையோடு சேர்ந்து பாய் விரித்துப் படம் பார்த்த பழக்கமும், அந்தச் சாட்டுகளும் இல்லாமல் போயின.

ஜனவரியில் ஜெமீலா ராத்தா வழமைபோல் வந்து காசை நீட்டினார். இனி லைசன் இல்லை, கட்டத் தேவையில்லை என்று நல்ல செய்தி சொல்லுகிற குரலில் சொன்னேன். அவர் நீட்டிய கையை எடுக்கவில்லை.

"அப்ப, இது என்ட எண்டதுக்கு இனி எதக் காட்டுற, தம்பி?"

வரிசையில் அன்று ஒருவரும் இல்லை. மாஸ்டரும் சாப்பிடப் போயிருந்தார்.

"இனி ஒருத்தரும் கேக்கமாட்டாங்க ராத்தா" என்றேன்.

ராத்தா காசை மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இருந்தது அந்த யன்னல் மட்டும்தான். அதன் பிறகு அவருக்கு அங்கே வர வேலை இருக்கவில்லை.