நான் அடித்துவிட்ட இனிஷியல்

கொடைக்கானலில் நான் ஒரு நாளிதழுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்த காலம் அது. பெரும்பாறைத் தோட்டத்தில் பெற்றோரை இழந்து பஸ் நிலையத்தில் படுத்துக் கிடந்த செல்லத்தாயை என் மனைவி வீட்டுக்கு அழைத்து வந்தாள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. இரண்டு வருடம் கழித்து, பள்ளிக்கூடங்களுக்காக ஏரியைச் சுற்றி நடந்த ஓட்டப் பந்தயத்தில் அவள்தான் முதலாவதாக வந்தாள்.

பந்தயப் பட்டியலில் தகப்பன் இனிஷியலாக என் பெயரின் முதலெழுத்தைக் கொடுத்திருந்தாள். முறைப்படி தத்தெடுக்கவில்லையே என்று, செய்தியில் அதை அடித்துவிட்டு 'அநாதைப் பெண்' என்று சேர்த்தேன். வெறும் பள்ளிப் பந்தயச் செய்தியைப் போட மாட்டார்கள்; அப்படி எழுதினால்தான் அச்சில் வரும்.

பத்திரிகை வந்ததும் என் மனைவி கூவினாள்: "ஏ ஓட்டக்காரி, வெரசா வா! ஒம் பேரு போட்டுருக்கு!"

செல்லத்தாய் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து படித்தாள்.

"அப்பா, இது நீங்க எழுதுனதா, அவுங்களாப் போட்டதா?"

"நான் எழுதினதுதான்."

"சரியாத்தான் இருக்கு" என்று மடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

அந்தச் செய்தியில் ஒரு தவறும் இல்லை. அதனால் அதற்கு ஒரு திருத்தம் எழுதவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.