நாலாயிரம் பீஸ்

கட்டைவிரல் நகத்தால் கன்றின் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "செகண்டு" என்கிறார் சர்தார் பாஷா. உள்ளே பச்சை தெரிகிறது, ஆனால் நுனி வாடியிருக்கிறது. கையிலுள்ள அட்டையில் ஒரு கோடு இழுக்கிறார். அடுத்த குழியில் மூங்கில் கூண்டு மட்டும் நிற்கிறது. கன்றை ஆடு மேய்ந்துவிட்டது. "ரிஜெக்சன்." அதற்கும் ஒரு கோடு.

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக செலக்‌ஷன் பார்ப்பவர். பதனிட்ட தோலை மேஜையில் விரித்து, தடவி, மடக்கி, ஃபர்ஸ்டு, செகண்டு, தேர்டு, ரிஜெக்சன் என்று ரகம் பிரிக்கும் வேலை. போன வருடம், 2003-இல், இவர்களிடம் ஷூ வாங்கும் ஜெர்மனிக்காரர்கள் மரம் நடச் சொன்னார்கள். பள்ளிகொண்டா பக்கம் ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் கம்பெனி நாலாயிரம் புங்கனும் வேம்பும் நட்டது. எத்தனை பிழைத்தன என்று இப்போது அறிக்கை அனுப்ப வேண்டும். எண்ணுவதற்கு ஆள் தேடியபோது எல்லோரும் பாயைத்தான் கைகாட்டினார்கள்.

மரத்தைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். தெரிந்த தொழிலை இங்கேயும் செய்கிறார், அவ்வளவுதான். பதினோரு மணிக்கு மேல் ஒரு கன்றைக்கூடப் பார்க்க மாட்டார். செலக்‌ஷன் மேஜையை வடக்கு ஜன்னலோரம்தான் போடுவார்கள். நேர் வெயிலில் தோலைப் பார்க்கக் கூடாது. "வெயில் ஏறிட்டா எல்லாமே ஃபர்ஸ்டாதான் தெரியும் சார். பேஜாராய்டும்." டீயில் சர்க்கரை கம்மி, பேச்சு அதைவிடக் கம்மி. கட்டுரை எழுதுவதற்காகக் கூடவே நடந்த நான் மூன்றாம் நாள் கால் வலித்து உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்தாறு வயது மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவருடைய கவலையெல்லாம் செகண்டுகளைப் பற்றித்தான். ஃபர்ஸ்டு தானாக வளர்ந்துவிடும். தேர்டுக்கு வேரில் மட்டும் உயிர், அது அதன் அதிர்ஷ்டம். செகண்டுக்கு மட்டும் இந்தக் கோடையில் வாரம் இரண்டு லாரி தண்ணீர் ஊற்றினால் போதும், பிழைத்துவிடும். ஊற்றாவிட்டால் ஆடிக்குள் போய்விடும். பாதிக்கு மேல் பட்டுப்போனது என்று அறிக்கை போனால்தான் மிச்சத்தைக் காப்பாற்றச் சொல்லி ஜெர்மனியிலிருந்து பதில் வரும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் லாரி எதற்கு?

ஒன்பது நாள் எண்ணினார். ஃபர்ஸ்டு 512, செகண்டு 638, தேர்டு 350, ரிஜெக்சன் 2,500. அட்டையை ஆபீசில் ஜெனிஃபாவிடம் கொடுத்தார். பதினோரு வருடமாகத் தோல் கணக்கை டைப் அடிக்கிற பெண். படிவத்தில் 'இருப்பு' என்று ஒரு கட்டம். தோலில் ரிஜெக்சனும் சரக்குதான், அதற்கும் வாங்க ஆள் உண்டு. நான்கு ரகத்தையும் கூட்டினால்தான் இருப்பு. அவளும் வழக்கம்போலக் கூட்டி, 'இருப்பு: 4,000' என்று அடித்துவிட்டாள். செத்த கன்று இரண்டாயிரத்து ஐந்நூறும் உயிரோடு எழுந்துவிட்டன.

பத்திரிகையில் எழுதச் சொல்லி என்னை அழைத்திருந்த மேனேஜர் ஜோனதனின் அறையில்தான் இது தெரியவந்தது. கையெழுத்துப் போட வந்த சர்தார் பாஷா கட்டத்தைப் பார்த்ததும் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். ஜெனிஃபா நாக்கைக் கடித்துக்கொண்டு, வேறு அடித்துத் தருவதாகக் காகிதத்தை எடுக்கப் போனாள். மேனேஜர் அதன்மேல் கையை வைத்துவிட்டார்.

"இருக்கட்டும் பாய். அங்கேர்ந்து வந்து யாரு எண்ணப் போறாங்க?"

"நான் எண்ணிட்டேனே சார்."

ஜோனதன் கெட்டவர் அல்ல. இந்த ஆர்டரை நம்பி முந்நூறு பேர் இருக்கிறார்கள் என்றார். அது உண்மைதான். பிறகு, அடுத்த மாதம் செலக்‌ஷனில் ஆள் குறைக்கப் போவதையும் மெதுவாக ஞாபகப்படுத்தினார். நாலாயிரத்தை நம்பி என் கட்டுரைக்கு நான் தலைப்பே யோசித்து வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சர்தார் பாஷா அந்தக் கட்டத்தை இன்னொரு முறை பார்த்தார்.

"நான் கையெழுத்துப் போட்டா சரக்கு போய்டும் சார்," என்றார். "ரிட்டர்ன் வந்தா என் பேர்லதான் வரும்."

மேனேஜரின் கைக்கடியிலிருந்து காகிதத்தைப் பதமாக உருவினார். நாலாயிரத்தை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் 1,500 என்று எழுதினார். கீழே, '638 செகண்டு, தண்ணீர் தேவை' என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கும் கீழே மேனேஜரின் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது. காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை மூடாமல் அந்தக் கோட்டின்மேல் வைத்தார்.